கொசுறு ஏற்றிய தோணி

சுழியன் என்ற நீர்நாயும் பொறையன் என்ற ஆமையும் ஒரே தோணியில் வேலை செய்தன. தோணி நீர்நாயுடையது. அதன் மனைவி அலையாயி சுக்கான் பிடிக்கும். ஆமை பெட்டிகளை அடுக்கும். காட்டாறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு துறை இருந்தது. அங்கிருந்து மாதம் ஒரு முறை தோணி எதிர்த் தீவுக்குப் போகும்.

காட்டு விலங்குகள் கிழங்கும் தேனும் காய்ந்த பூவும் பெட்டியில் கட்டி அனுப்பும். தீவில் இருந்த முயல்களும் கீரிகளும் பதிலுக்கு உப்பு அனுப்பும். பெட்டிகள் எல்லாம் மூங்கிலில் முடைந்தவை. எல்லாம் ஒரே அளவு. மூடி போட்டுவிட்டால் உள்ளே இருப்பது கல்லா இறகா என்று எவருக்கும் தெரியாது.

தோணியில் இருபத்து நான்கு பெட்டிகள் ஏறும். மூன்று மூன்றாக எட்டு அடுக்கு. கனமான பெட்டி அடியில், லேசானது உச்சியில். அந்தப் பக்கம் நான்கு அடுக்கு, இந்தப் பக்கம் நான்கு அடுக்கு, நடுவில் ஒரு சந்து. ஆமையின் இடம் அந்தச் சந்துதான். கயிறு தளர்ந்தால் அது இழுத்துக் கட்ட வேண்டும். பெட்டி நகர்ந்தால் முதுகு கொடுக்க வேண்டும். அடுக்கு சரிந்தால் முதலில் சாவது ஆமை. இது ஆமைக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

தெரிந்தும் ஒருவன் பொய் சொன்னான். அவன் வங்கன் என்ற நரி.

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது அது. உச்சியில் இருக்கும் பெட்டி முதலில் இறங்கும். முதலில் இறங்கிய பெட்டிக்கு நல்ல வெள்ளை உப்பு கிடைக்கும். அடியில் இருந்து கடைசியாக இறங்கினால் மண் கலந்த உப்புதான். நரி ஈரப் புளியை அடைத்துக்கொண்டு வந்து, "இலவம்பஞ்சு. கனமே இல்ல," என்றது. ஆமை நம்பி உச்சியில் வைத்தது. நடுக்கடலில் பெட்டி உருண்டு விழுந்தது. ஆமையின் ஓடு குறுக்கே விரிசல் விட்டது. நாட்டு வைத்தியம் பார்த்த கொக்கு, "இன்னொரு அடி இதே இடத்துல விழுந்தா நான் வந்து பிரயோசனம் இல்ல," என்று சொல்லிவிட்டது.

அதன் பிறகு நீர்நாய் ஒரு விதி போட்டது. துறையில் எல்லோரையும் கூட்டி வைத்து அதைச் சொன்னது.

"பெட்டியைக் கட்டி முடிச்ச பிறகு எடை போடணும். மூங்கில், மூடி, கயிறு எல்லாம் சேத்து எடை. எத்தனை கல்லுன்னு ஓலையில கோடு கிழிச்சுக் கட்டணும். பெட்டிக்காரங்க அந்த ஓலையில தங்க காலடியைப் பதிக்கணும். ஓலை இல்லாத பெட்டி ஏறாது. சிங்கம் கொண்டாந்தாலும் ஏறாது."

துறையில் எடைமரம் நாட்டினார்கள். கவட்டைக் கல்லின் மேல் ஒரு நீளமான மரம். ஒரு முனையில் பெட்டி தொங்கும். மறு முனையில் ஆற்றில் உருண்ட, ஒரே பருமனான கற்களை வைப்பார்கள். மரம் நேராக நின்றால் கல்லை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். எண்ணுவதற்கு நாரையை வைத்தார்கள். நாரை ஒற்றைக் காலில் நின்று எண்ணும். யாரோடும் பேசாது.

இரண்டு வருடம் ஒரு பெட்டிகூட விழவில்லை. ஓலையைப் பார்த்து ஆமை அடுக்கும். கனம் கீழே, லேசு மேலே. எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஆனால் அந்தக் காட்டில் விதியைவிடப் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. அதுதான் கொசுறு.

எடை போட்டது சரக்கு. அதற்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டால்தான் மரியாதை. தீவில் மூடியைத் திறந்ததும் மேலே கொசுறு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இல்லாவிட்டால், "யாருடைய பெட்டி இது? கை குறுகின கை," என்று பேசுவார்கள். அந்தக் கொசுறை எடை போடவும் கூடாது. எடை போட்டுவிட்டால் அது கொசுறு இல்லை, அதுவும் சரக்குதான் என்பது காட்டின் பேச்சு.

அதனால் விலங்குகள் என்ன செய்தன? விதியையும் காப்பாற்றின, வழக்கத்தையும் காப்பாற்றின. முதலில் பெட்டியை எடை போட்டன. ஓலையில் காலடி வைத்தன. பிறகு மூடியை லேசாகத் தூக்கி ஒரு கை போட்டன. எல்லோர் கண் முன்னாலும்தான் போட்டன. ஒளித்துச் செய்ய அது திருட்டா?

நரி மட்டும் போடவில்லை. ஒரு முறை பட்ட அவமானம் அதற்குப் போதும். பெட்டியை எடை போட்டதும் கயிற்றை முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் மெழுகு வைத்துவிடும். "கருமி" என்று அதற்குப் பட்டம் கொடுத்தார்கள். பொய்யன் என்ற பட்டத்தோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

அந்த வருடம் ஐப்பசியில் பெரும் புயல் அடித்தது. புயல் போன மூன்றாம் நாள் ஒரு கடற்காகம் சேதி கொண்டு வந்தது.

"தீவுக்குள்ள கடல் ஏறிப்போச்சு. கிழங்கெல்லாம் உப்புல அழுகிக் கிடக்கு. முயலுங்க மரப்பட்டையைக் கடிக்குதுங்க. வயசானதுங்க ரெண்டு மூணு படுத்துட்டுது."

காடே உருகிப் போனது. ஆமை மட்டும் தோணிக்குப் போய்க் கயிறுகளை இழுத்துப் பார்த்தது. அதன் தங்கை அந்தத் தீவில்தான் இருந்தது.

மறுநாள் காலையில் துறையில் இடமில்லை. கரடி தேனடையோடு வந்தது. சேம்பாயி என்ற காட்டுப்பன்றி சேப்பங்கிழங்கோடு வந்தது. புள்ளிமான் காய்ந்த இலுப்பைப்பூவோடு வந்தது. நரியும் மீன் கருவாட்டோடு வந்தது.

நாரை ஒவ்வொன்றாக எடை போட்டது. மானின் இலுப்பைப்பூப் பெட்டி நான்கு கல். மான் ஓலையில் குளம்பைப் பதித்தது. ஆமை அதை ஓர் அடுக்கின் உச்சிக்கு அனுப்பியது. கரடியின் பெட்டி பதினாறு கல். அது அடிக்குப் போனது. பன்றியின் பெட்டி பதினைந்து. அதுவும் அடிக்கு. இப்படி இருபத்து மூன்று பெட்டிகள் ஏறிவிட்டன.

கடைசியாக நரியின் முறை வந்தது. ஆமை தோணியில் இருந்து இறங்கி வந்தது.

"உன் பெட்டியை நான் நின்னு பாக்கணும்," என்றது.

"பாருங்க," என்றது நரி.

நாரை எடை போட்டது. பதினான்கு கல்.

"இன்னொரு தடவை போடு," என்றது ஆமை.

மறுபடியும் பதினான்கு.

"கல்லை மாத்திப் போடு."

கல்லை மாற்றிப் போட்டார்கள். அப்போதும் பதினான்கு. ஆமை பெட்டியைச் சுற்றி வந்தது. முகர்ந்து பார்த்தது. தட்டிப் பார்த்தது.

"நாலாவது தடவையும் போடுங்க அடுக்குக்காரரே," என்றது நரி. "எனக்கு வேற சோலி இல்ல. தீவுல பசியோட கிடக்குறவங்களுக்குத்தான் அவசரம்."

"வாயை மூடு. இந்த விரிசல் யார் போட்டது?"

"நான் போட்டதுதான். இல்லைன்னு என்னைக்காவது சொன்னேனா?"

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ஆமையின் முதுகுக்குப் பின்னால் வேறொன்று நடந்தது. தீவு பசியில் கிடக்கிறதே என்று இந்த முறை யாருக்கும் ஒரு கை போதவில்லை. ஓட்டம் ஓட்டமாக வீட்டுக்குப் போய் இன்னும் கொஞ்சம் கொண்டு வந்தார்கள். பெட்டி அனுப்பாதவர்களும் வந்தார்கள். முள்ளம்பன்றி நாவற்பழம் கொண்டு வந்தது. அணில்கள் வரிசையாகக் கொட்டை கொண்டு வந்தன. ஆனால் பெட்டிகள் ஏற்கெனவே அடுக்கியாகிவிட்டன. அடியில் இருக்கும் பெட்டியை யார் திறக்க முடியும்? கைக்கு எட்டியது உச்சிப் பெட்டிதான். அதிலும் பூவும் சருகும் அடைத்த பெட்டியில்தான் அமுக்கினால் இடம் கிடைக்கும்.

அடுக்கின் மேல் ஏறினார்கள். உச்சிப் பெட்டிகளின் மூடியைத் தூக்கினார்கள். பூவை அமுக்கி அமுக்கிக் கொசுறு போட்டார்கள்.

நரி அதைப் பார்த்துவிட்டது.

"அடுக்குக்காரரே, அங்கே திரும்பிப் பாருங்க. உச்சிப் பெட்டியை எல்லாம் திறக்கிறாங்க."

ஆமை திரும்பிப் பார்த்தது. கரடி ஒரு தேனடையைக் கையில் வைத்துக்கொண்டு மானின் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தது.

"அது கொசுறு," என்றது ஆமை. "உனக்குத் தெரியாத சங்கதி."

"கொசுறுக்கு எடை இல்லையா?"

"கொசுறை எடை போட நினைக்கிறவன் நரிதான்."

துறையே சிரித்தது. சேம்பாயிப் பன்றிக்கு அடக்க முடியவில்லை. "ஏண்டா வங்கா, உன் பெட்டியில இருந்து ஒரு கருவாட்டு வாலைக் கிள்ளிப் போடேன். தீவே உன் பேரைச் சொல்லும்," என்றது.

"மெழுகு வச்சாச்சு அக்கா. திறக்க முடியாது," என்றது நரி.

"நெஞ்சுக்கும் மெழுகு வச்சுட்டியா?"

மறுபடியும் சிரிப்பு. கரடி கடைசி அடுக்கின் இரண்டு பெட்டிகளையும் தூக்கிப் பிடிக்க, நரியின் பெட்டி அவற்றின் அடியில் போனது.

நீர்நாய் தோணியைச் சுற்றி ஒரு முறை நீந்தி வந்தது. தோணியின் வயிற்றில் சிப்பி ஒட்டிய கோடு ஒன்று உண்டு. பாரம் ஏற்றினால் அந்தக் கோடு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இன்று கோடே தெரியவில்லை.

"என்ன மாமா, தோணி தாழ்ந்து நிக்குதே?" என்று ஆமையைக் கேட்டது.

ஆமை ஓலைகளை ஒரு முறை கூட்டிப் பார்த்தது. "ஓலைக் கணக்கு சரியா இருக்கு மாப்பிள்ளை. இன்னைக்கு நீரோட்டம் ஏற்றமா இருக்கும்."

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். தண்ணீர் பொய் சொல்லாது. கண்ணும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் நீர்நாயும் ஆமையும் ஓலையைத்தான் நம்பின. ஓலை எழுதிய பிறகு பெட்டி மாறிவிட்டது என்ற நினைப்பே அவர்களுக்கு வரவில்லை. ஏனென்றால் மாற்றியவர்கள் எல்லோரும் நல்லவர்கள்.

தோணி கிளம்பியது. கரையில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையசைத்தார்கள்.

ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில் எப்போதும் மூன்று பெரிய அலைகள் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் பயமில்லை. முதல் அலையில் தோணி ஏறியது. வலப் பக்கம் சாய்ந்தது. வழக்கமாக உடனே நிமிர்ந்துவிடும். இன்று நிமிரவில்லை. குடித்தவன் சுவரில் சாய்ந்ததுபோல் சாய்ந்தபடியே நின்று, யோசித்து, பிறகு மெல்ல நிமிர்ந்தது.

அலையாயி சுக்கானை இழுத்துப் பார்த்தது. "ஏங்க, சுக்கான் கேக்க மாட்டேங்குது. தலை கனத்துக் கிடக்கு தோணி."

"தலை எப்படிக் கனக்கும்? மேல இருக்கறதெல்லாம் பூவும் சருகும்," என்று நீர்நாய் கத்தியது.

இரண்டாவது அலை அடித்தது. இந்த முறை இடப் பக்கம் சாய்ந்தது. ஒரு கயிறு பட்டென்று அறுந்தது. மானின் பெட்டி உச்சியில் இருந்து மெல்ல நகர்ந்தது.

"மாமா, மேல பாருங்க!"

"பாத்துட்டேன். நாலு கல்லுப் பெட்டிதான். நான் தாங்கிக்கிறேன். நீ கயிறைக் கட்டு," என்றது ஆமை.

நான்கு கல் பெட்டியை அது நூறு முறை முதுகில் தாங்கியிருக்கிறது. அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. விரிசலைக் கொஞ்சம் தள்ளி வைத்து முதுகு கொடுத்தது.

பெட்டி விழுந்தது.

விழுந்த சத்தம் பூப்பெட்டியின் சத்தமாக இல்லை. பாறை விழுந்த சத்தம். அலையாயி சுக்கானை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. மற்ற ஏழு உச்சிப் பெட்டிகளும் ஒன்றன் பின் ஒன்றாகக் கடலில் சரிந்தன. அவை போன பிறகுதான் தோணி தலையை நிமிர்த்தியது. மூன்றாவது அலை வந்து தோணியைத் திருப்பி ஆற்றுக்குள்ளேயே தள்ளிவிட்டது.

நீர்நாய் பெட்டியைப் புரட்டப் பார்த்தது. புரளவில்லை. அலையாயியும் சேர்ந்து தள்ளியது. அப்போதுதான் புரண்டது. கீழே ஆமை கிடந்தது. ஓடு இரண்டாகப் பிளந்திருந்தது.

"மாப்பிள்ளை," என்றது ஆமை. "அந்தப் பெட்டி எத்தனை கல்லு?"

"ஓலையில நாலுன்னு இருக்கு மாமா."

"நாலு இல்ல. ஓலைக்குத் தெரியாது. முதுகுக்குத் தெரியும்."

"வங்கன் வேலையாத்தான் இருக்கும். இன்னைக்கு அவனை..."

"இல்லடா." ஆமை மூச்சு வாங்கியது. "அவன் பெட்டி அடியில அசையாம நிக்குது, பாரு. கரையில அவனைத்தான் அடிக்க வருவாங்க. அடிக்க விடாதே. அவன் திரும்பிப் பாருன்னு சொன்னான். நான் பாத்தேன். பாத்தும் பாக்கல."

பிறகு, "பழசுக்கு நான் அவனை மன்னிக்கலைன்னும் சொல்லிடு," என்றது.

அதுதான் அதன் கடைசிப் பேச்சு.

தோணி திரும்பி வருவதைக் கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஆமையைத் தூக்கி மணலில் கிடத்தினார்கள். நாரை ஊன்றியிருந்த காலை மாற்றி வைத்தது. அது அப்படி மாற்றி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பிறகு சேம்பாயி கத்தியது. "எங்கேடா அந்த வங்கன்?"

ஊர் ஒரே நொடியில் நரியைச் சூழ்ந்துகொண்டது. நரி ஓடவில்லை. காதை மடித்துக்கொண்டு நின்றது. நரிமேல் ஒரு பழி என்றால் போதும், ஊமையும் வாய் திறப்பான். அன்றும் எல்லோரும் வாயைத் திறந்தார்கள்.

"மறுபடியும் பஞ்சா?"

"மூணு தடவை எடை போட்டும் ஏமாத்திட்டான் பாரு!"

"நிறுத்துங்க," என்றது நீர்நாய். "மாமா உயிர் போறப்போ சொன்னது இது. இவனை அடிக்கக் கூடாது. இவன் பெட்டியை இறக்கி எடை போடுங்க."

இறக்கினார்கள். முடிச்சில் மெழுகு அப்படியே இருந்தது. நாரை எடை போட்டது. பதினான்கு கல். ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இப்போ ஆளைக் கொன்ன பெட்டியை எடை போடுங்க."

மானின் பெட்டியைத் தூக்கி மாட்டினார்கள். எதிர்முனையில் நாரை நான்கு கல் வைத்தது. மரம் அசையவே இல்லை. ஐந்து வைத்தது. ஆறு வைத்தது. எட்டு. ஒன்பது. கூட்டம் கல்லை எண்ணுவதை நிறுத்திவிட்டது. பதினொன்றாவது கல்லுக்குத்தான் மரம் நேரானது.

மான் முன்னால் வந்தது. "நான் பொய் சொல்லல. நாலுதான். நாலுன்னுதான் குளம்பு வச்சேன். நாரையண்ணனைக் கேளுங்க."

"நாலுதான்," என்றது நாரை. அது பேசியதை அன்றுதான் பலரும் கேட்டார்கள்.

"அப்போ மிச்சம் ஏழு எங்கே இருந்து வந்தது?" என்று நீர்நாய் கேட்டது. மூடியைத் திறந்தது.

மேலே தேனடை இருந்தது. கரடி தலையைக் குனிந்துகொண்டது. அடுத்து சேப்பங்கிழங்கு, ஒரு மடி நிறைய. சேம்பாயியின் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் நாவற்பழம், கொட்டை, பனங்கிழங்கு, காட்டுமாங்காய் வற்றல். ஒவ்வொன்றும் ஒரு இலையில் சுற்றியிருந்தது. ஒவ்வோர் இலையும் யார் வீட்டு வாசல் மரத்து இலை என்று எல்லோருக்கும் தெரியும்.

"என்னுது ஒரு கைதான்," என்றது முள்ளம்பன்றி.

"நானும் ஒரு கைதான் போட்டேன்," என்றது கரடி.

"பசியா இருக்காங்களேன்னுதான்..." என்று சொல்ல ஆரம்பித்து முடிக்காமல் விட்டது சேம்பாயி.

அடியில், பூவுக்குள் புதைந்து, தாமரை இலைப் பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே அல்லிக்கிழங்கு. இது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அது அடுக்குக்காரருது," என்றது அலையாயி. "விடியக்காலையில, அடுக்குறப்போ வச்சாரு. தங்கச்சிக்குன்னு சொன்னாரு."

பொய்யனைத் தேடி வந்தார்கள். பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. திருடனைத் தேடி வந்தார்கள். எல்லோரும் கொடுத்தவர்கள். கொன்றவனைத் தேடினார்கள். செத்துக் கிடந்த ஆமையின் கையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

சேம்பாயி நரியைப் பார்த்துக் கேட்டது. கேட்காமல் இருக்க அதற்கு மனம் வரவில்லை. "நீதான் பாத்துட்டியே. கொஞ்சம் சத்தமாச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொன்னேன் அக்கா," என்றது நரி. "சிரிச்சீங்க."

நீர்நாய் நரியிடம் வந்தது. "மாமா உனக்கும் ஒரு சேதி சொல்லிட்டுப் போயிருக்காரு. பழசுக்கு உன்னை மன்னிக்கலையாம்."

"தெரியும்," என்றது நரி. "அது அவரு பக்கம் நியாயம்." பிறகு ஆமையின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

மாலையில் ஆமையைத் துறைக்கு மேலே மணலில் புதைத்தார்கள். வழக்கப்படி ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். குழி நிறைந்தது. வரிசை தீரவில்லை. போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசி அணில் போட்டு முடித்தபோது அங்கே பன்றி உயரத்துக்கு ஒரு மேடு நின்றது. அதைப் பார்த்துவிட்டுக் கரடி வீடு வரைக்கும் தரையைப் பார்த்தே நடந்தது.

தீவில் பசி காத்திருக்கவில்லை. கயிறு திரித்து, தோணியைச் சரி செய்து, மறுபடி பெட்டி கட்ட ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் தீவில் நான்கு முயல்கள் செத்தன. அவை யாருடைய ஓலையிலும் எழுதப்படவில்லை.

பத்தாம் நாள் காலையில் நீர்நாய் துறையில் நின்று சொன்னது. "கொசுறு போடுங்க. வேண்டாம்னு சொல்லல. எடைமரத்துக்கு முன்னாடி போடுங்க. போட்டு, மூடி, கட்டி, அப்புறம் எடை. ஓலை கட்டின பிறகு மூடியைத் தொட்டா அந்தப் பெட்டி மறுபடி எடைக்கு வரணும்."

"எடை போட்டா அது கொசுறு ஆகுமா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. இத்தனைக்குப் பிறகும் ஒருவர் கேட்டார். ஊர் என்றால் அப்படித்தான்.

நீர்நாய் தோணிப் பக்கம் கையைக் காட்டியது. "சந்துல நிக்க ஆள் வேணும்," என்றது. "மாமா இடத்துல. யார் வர்றீங்க?"

யாரும் வரவில்லை. கரடி வானத்தைப் பார்த்தது. முள்ளம்பன்றிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அப்படின்னா முறை வச்சுக்குவோம். பெட்டி அனுப்புறவங்கதான் நிக்கணும். ஒரு பயணத்துக்கு ஒருத்தர். இன்னைக்கு சேம்பாயி அக்கா."

சேம்பாயி மறுக்க முடியாமல் ஏறியது. சந்துக்குள் போய் நின்றது. அந்தப் பக்கம் நான்கு அடுக்கு, இந்தப் பக்கம் நான்கு அடுக்கு. அண்ணாந்து பார்த்தது. உச்சிப் பெட்டிகள் தலைக்கு மேலே இருந்தன. கரையில் நின்று பார்த்தபோது அவை இவ்வளவு உயரமாகத் தெரிந்ததே இல்லை.

"நாரையண்ணே," என்று கூப்பிட்டது. "இந்த உச்சியில இருக்கறது எத்தனை கல்லு?"

"அஞ்சு."

"கொசுறோட சேத்தா?"

"சேத்துத்தான்."

"அதுக்கப்புறம் யாராவது திறந்தாங்களா?"

"இல்ல."

தோணி கிளம்பப் போகும் நேரத்தில் ஒரு கிழட்டு முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது. தீவில் அதற்குப் பேரப்பிள்ளைகள் இருந்தன. கையில் ஒரு சின்ன இலைப்பொட்டலம். நான்கைந்து கொட்டைதான் இருக்கும். தோணியின் விளிம்பில் தாவி ஏறி, உச்சிப் பெட்டியின் மூடிக்குக் கையை நீட்டியது.

"அய்யோ, தொடாதே!" என்று சேம்பாயி போட்ட கூச்சலில் துறையில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன.

"ஒரு கைதான் தாயி," என்றது முயல்.

"தெரியும் அய்யா." என்றது சேம்பாயி. "கொண்டு போய் எடைமரத்துல வையுங்க. நாரையண்ணன் கல்லைக் கூட்டி ஓலையில எழுதட்டும். அப்புறம் கொண்டாங்க. கீழே நிக்கிறது நான்."

முயல் இறங்கிப் போனது. நாரை பெட்டியை இறக்கச் சொன்னது. பொட்டலத்தையும் உள்ளே வைத்து மறுபடி எடை போட்டது. ஓலையைப் புதிதாக எழுதியது. தோணி அரை நாழிகை தாமதமாகத்தான் கிளம்பியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இருபத்து நான்கு பெட்டிகளும் தீவில் இறங்கின.

அன்பினால் போட்டதானாலும் சொல்லாமல் ஏற்றிய பாரம் சுமப்பவன் தலையில்தான் விழும். ஆகையால் ஒரு பிடியே ஆனாலும் அதை எடையில் சொல்லிவிட்டு ஏற்று.